புத்தம் புதிய பழசு

பழைய பொருளை விற்கிறவன் இரண்டு விதமாகப் பேசலாம். "இது பழசு, இத்தனை காலம் உழைத்தது, இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்" என்று சொல்லலாம். அல்லது, "பழசுதான், ஆனால் பார்த்தால் தெரியாது" என்று சொல்லலாம். முதல் பேச்சு மாட்டுச் சந்தைக்கு உரியது. இரண்டாவது பேச்சு கல்யாணத் தரகருக்கு உரியது. இங்கிலாந்திலே பழைய மோட்டார் வண்டிகளை, அதிலும் லிமோஸின் என்று சொல்லப்படும் பெரிய மூடு வண்டிகளைப் புதுப்பித்து விற்கிறார்களே, அவர்கள் மூன்றாவதாக ஒரு பேச்சைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். "இது பழசு, ஆனால் இது புதிதாக இருந்தபோது இருந்ததைவிடப் புதிது" என்கிறார்கள்!

சமீபத்தில் என் கண்ணில் பட்ட ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். விற்கிறவர் யார் என்பது இங்கே வேண்டாம். அந்தத் தொழிலில் இருக்கிறவர்களில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒருவரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிடுவானேன்? வண்டி, 1934ஆம் வருஷத்து ரோல்ஸ் ராய்ஸ், 20/25 என்கிற ரகம். ஒவ்வொரு மறையாணியையும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியாயிற்று. உலோகம் தெரிகிற வரையில் பழைய வர்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புது வர்ணம் பூசியாயிற்று. உள்ளே முன்னும் பின்னும் ஒரே மாதிரிப் பால்நிறத் தோல். நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பு, வாங்குகிறவரின் சௌகரியத்தை உத்தேசித்து அகற்றப்பட்டிருக்கிறது. செலவைப் பற்றிக் கவலையே படவில்லையாம். முதன் முதலில் வாங்கியவர் பெரிய சீமான் என்று பெருமையாக ஒரு வரி. படித்து முடித்ததும் எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான் வந்தது. எல்லாம் சரி, இதில் லிமோஸின் எங்கே?

இந்தக் கேள்வியின் நியாயம் விளங்க வேண்டுமானால், அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி அந்த நாளில் முழு வண்டியை விற்கவில்லை. டெர்பி நகரத்துத் தொழிற்சாலையில் எஞ்சினும் சேஸிஸும் செய்து கொடுக்கும், அவ்வளவுதான். 20/25 ரகத்தில் மட்டும் 1929 முதல் 1936 வரையில் 3,827 சேஸிஸ்கள் செய்தார்கள். வாங்குகிறவர் அதைக் கூண்டு கட்டுகிற பட்டறைக்கு அனுப்பி, தமக்கு வேண்டிய விதமாக உடம்பு கட்டிக்கொள்ள வேண்டியது. ஹூப்பர், பார்க்கர், பார்க் வார்ட் என்று அதற்குப் பேர்போன பட்டறைகள் இருந்தன. இவற்றில் சில நேற்று முளைத்தவை அல்ல. பார்க்கர் 1710இலும் ஹூப்பர் 1805இலும் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்தவர்கள். ஆஷ் என்கிற மரத்தில் சட்டம் போட்டு, அதன்மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி வளைத்துப் பொருத்துவார்கள். குதிரை போய் எஞ்சின் வந்ததே தவிர, கட்டுகிற கையும், கட்டச் சொல்கிறவரின் மனசும் பழையபடியே இருந்தன.

அந்த மனசுதான் லிமோஸின். குதிரை வண்டியில் வண்டிக்காரன் வெளியே மழையிலும் பனியிலும் உட்கார்ந்தான். எஜமான் உள்ளே உட்கார்ந்தார். மோட்டார் வந்ததும் வண்டிக்காரனுக்கு மேலே ஒரு கூரை கிடைத்தது. ஆனால் அவனுக்கும் எஜமானுக்கும் நடுவே இருந்த சுவர் போகவில்லை, கண்ணாடியாக மாறியது. அந்தக் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி பெரும்பாலும் எந்தப் பக்கம் இருந்தது தெரியுமா? பின்பக்கம். எஜமான் நினைத்தால் டிரைவரோடு பேசலாம். டிரைவர் நினைத்தால் எஜமானோடு பேச முடியாது. ஒரு தேசத்துச் சமூக அமைப்பை விளக்கப் பெரிய பெரிய புஸ்தகம் எழுதுகிறார்களே, அதையெல்லாம் ஒரு கைப்பிடியில் சொல்லிவிட்டான் அந்தப் பட்டறைக்காரன்.

ஆசனங்களைப் பாருங்கள். இன்றைக்கு நாம் தோல் என்றால் உசத்தி, துணி என்றால் மட்டம் என்று நினைக்கிறோம். அந்த வண்டிகளில் விஷயம் நேர்மாறு. பின்னறையில், எஜமானும் அம்மாளும் உட்காருகிற இடத்தில், மெத்தென்ற உயர்ந்த கம்பளித் துணி. முன்னறையில், டிரைவர் உட்காருகிற இடத்தில், தோல். ஏன் தோல்? நனைந்த கோட்டோடு ஏறி உட்காருகிறவன் அவன். எண்ணெய்க் கையும் அவனுடையது. தோலானால் துடைத்துவிடலாம். பழங்காலத்து லிமோஸினில் தோல் என்பது வேலைக்காரனுடைய அடையாளம்!

நமது விளம்பரத்து வண்டியில் முன்னும் பின்னும் ஒரே பால்நிறத் தோல் என்றார்களே, அதன் அர்த்தம் இப்போது விளங்குகிறதா? சீமானின் வண்டியை அதன் பழைய மகிமைக்கே மீட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, சீமான் உட்கார்ந்த இடத்திலே டிரைவரின் ஆசனத்தைப் போட்டுத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சீமான் இப்போது எழுந்து வந்து பார்த்தால், என் ஆசனத்தை யார் களவாடினது என்று கேட்பார்.

அடுத்தது, அகற்றப்பட்ட தடுப்பு. இதற்குச் சௌகரியம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். யாருக்குச் சௌகரியம்? இன்றைக்கு இந்த வண்டியை வாங்குகிறவர் டிரைவர் வைத்துக்கொள்வதில்லை, தாமே ஓட்டுகிறார். முன்னறையில் ஏறி உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு விஷயம் தெரிய வருகிறது. முழங்காலை நீட்ட இடமில்லை. ஆசனத்தின் முதுகு நேராக நிமிர்ந்து நிற்கிறது. பின்னால் தள்ளவோ சாய்க்கவோ வழியில்லை. ஏனென்றால் அதற்குப் பின்னால் தடுப்பு இருக்கிறது. தடுப்புக்குப் பின்னால் எஜமான் காலை நீட்டிக்கொள்ளத் தாராளமான இடம் இருக்கிறது. அந்த இடமெல்லாம் முன்னால் இருந்தவனிடமிருந்து எடுத்தது. ஆகவே தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆசனத்தைப் பின்னால் தள்ளிவைத்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்கிறேன், அந்த முழங்கால் வலி அந்த வண்டியிலேயே மிகவும் நிஜமான பாகம். வர்ணத்தை மறுபடியும் பூசலாம், தோலை மறுபடியும் தைக்கலாம். ஆனால் ஒரு மனிதன் கனவான்களுக்காகப் பத்து வருஷம், பதினைந்து வருஷம், முதுகை நிமிர்த்திக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டி ஓட்டினான் என்பதற்கு அந்த வண்டியில் இருந்த ஒரே சாட்சி அந்த இடுக்குத்தான். வாங்குகிறவர் அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து பார்த்திருந்தால், விளம்பரத்தில் இல்லாத ஒரு ஆளை அவர் தெரிந்துகொண்டிருப்பார். அந்தச் சாட்சியைக் கலைத்துவிட்டார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 20/25க்கு முன்னோடியாக 1922இல் ரோல்ஸ் ராய்ஸ் வெளியிட்ட ட்வென்டி என்கிற சின்ன வண்டி, சொந்தக்காரரே ஓட்டிக்கொள்ளட்டும் என்கிற உத்தேசத்தோடுதான் செய்யப்பட்டது. ஆனால் ஜனங்கள் கேட்டால்தானே? அந்தச் சின்ன சேஸிஸின் தலையிலும் ஒரு மாளிகையை ஏற்றி, நடுவில் கண்ணாடிச் சுவர் வைத்து, முன்னால் ஒரு ஆளை உட்காரவைத்துவிட்டார்கள். கம்பெனியே டிரைவர்களுக்கென்று பயிற்சிப் பள்ளி நடத்திய காலம் அது. எஞ்சின் இதற்காகப் பிறக்கவில்லை, பவிஷுக்காகச் சுமந்தது. அந்தப் பவிஷையும் சேர்த்துத்தான் வண்டி.

விளம்பரக்காரர்கள் வார்த்தையிலும் கை வைக்கிறார்கள். 1934 வண்டியை விண்டேஜ் என்கிறார்கள். 1934இல் இங்கிலாந்தில் ஏற்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் சங்கத்தின் கணக்கு வேறு. 1930ஆம் வருஷ முடிவுக்குள் செய்யப்பட்ட வண்டிதான் அவர்களுக்கு விண்டேஜ். அதற்குப் பின்னால் வந்தவற்றில் உயர்ந்தவைகளுக்கு அவர்கள் தனியாக வேறு பேர் வைத்திருக்கிறார்கள். நாலு வருஷத்து வித்தியாசம் பெரிய குற்றமா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் பிறந்த வருஷத்தை இத்தனை கணக்காகச் சொல்லி விலை கேட்கிறவர்கள், ஜாதகத்தில் மட்டும் இஷ்டம் போல எழுதலாமா?

இன்னும் ஒரு கொடுமை இருக்கிறது. தடுப்பைக் கழற்றுகிறவர்களாவது கூண்டை விட்டுவைக்கிறார்கள். வேறு சிலர் கூண்டையே வெட்டி எறிந்துவிட்டு, அந்தச் சேஸிஸின்மேல் மேல்மூடி இல்லாத திறந்த உடம்பு ஒன்றைப் புதிதாகக் கட்டிவிடுகிறார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். திறந்த வண்டிக்கு நல்ல விலை. பெட்டி மாதிரி உயர்ந்து நிற்கிற மூடு வண்டிக்கு அவ்வளவு விலை கிடையாது. இப்படி எத்தனையோ லிமோஸின்கள் காணாமற் போயிருக்கின்றன. சேஸிஸின் எண் மட்டும் பழசு; அதன்மேல் இருக்கிறதெல்லாம் நேற்றைய வேலை. புதிய மொந்தையில் பழைய கள் என்பார்கள். இது பழைய மொந்தையின் அடித்தட்டு மட்டும். மொந்தையும் புதிது, கள்ளும் புதிது.

போகட்டும். 1934க்கும் இன்றைக்கும் நடுவே இந்த வண்டிகள் என்ன செய்துகொண்டிருந்தன? விளம்பரத்தைப் படித்தால் அவை சீமான் வீட்டிலிருந்து நேராகப் புதுப்பிக்கிற பட்டறைக்கு வந்ததாகத் தோன்றும். நடந்தது அப்படியல்ல. 1939இல் யுத்தம் வந்தது. 1942இல் சொந்த வண்டிகளுக்குக் கொடுத்துவந்த சாதாரண பெட்ரோல் ரேஷனையும் நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ வண்டிகள் கட்டைமேல் ஏறி நின்றன. எத்தனையோ பெரிய வண்டிகளின் கூண்டைக் கழற்றி ஆம்புலன்ஸ் ஆக்கினார்கள். யுத்தம் முடிந்ததும் பெரிய வீடுகளில் வேலையாள் வைத்துக்கொள்கிற காலம் முடிந்துகொண்டு வந்தது. வண்டிகள் கைமாறின. வாடகை வண்டியாயின. கல்யாணப் பெண்ணைச் சர்ச்சுக்கு அழைத்துச் சென்றன. சவ ஊர்வலத்தில் போயின. சில, சவப்பெட்டி சுமக்கிற வண்டியாகவே உடம்பு மாறின. கூண்டு கட்டிய பட்டறைகளுக்கும் இதே கதிதான். பார்க்கர் 1938இல் ஹூப்பரின் கைக்குப் போயிற்று. ஹூப்பர் 1959இல் வண்டி கட்டுவதை நிறுத்திக்கொண்டது.

இவ்வளவும் அந்த வண்டிகளின் வாழ்க்கை. சீமானிடம் இருந்த சில வருஷங்கள் அதில் ஒரு அத்தியாயம். விற்கிறவர் அந்த அத்தியாயத்தை மட்டும் பொன் எழுத்தில் அச்சிட்டுவிட்டு, பாக்கிப் பக்கங்களைக் கிழித்துப் போடுகிறார். கதை எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில் இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு குடும்பத்தின் கதையை எழுத வேண்டுமானால், கூடத்தில் மாட்டியிருக்கிற படங்களை மட்டும் பார்த்தால் போதாது. பின்கட்டுக்குப் போக வேண்டும். அங்கேதான் அந்த வீடு எப்படி நடந்தது என்று தெரியும். லிமோஸினின் பின்கட்டு அதன் முன்னறை.

இதற்கெல்லாம் பதில் இல்லாமல் இல்லை. அந்தப் பதில்களையும் நேர்மையாகப் பார்த்துவிடலாம்.

"புதுப்பிக்காவிட்டால் வண்டி மக்கிப் போயிருக்குமே" என்பார்கள். வாஸ்தவம். ஆஷ் மரம் ஈரத்தில் உளுத்துப் போகும். மரம் உளுத்தால் கதவு தொங்கும், தகடு பிளக்கும். அப்போது மரத்தை மாற்றத்தான் வேண்டும். பிரேக் பிடிக்காத வண்டியை, பழசு என்பதற்காக ரஸ்தாவில் விட முடியாது. பழுது பார்ப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை. உளுத்த கட்டையை எடுத்துவிட்டு நல்ல கட்டையை வைப்பது வைத்தியம். நன்றாக இருக்கிற துணியைக் கிழித்துத் தோல் போடுவது வைத்தியமா? தடுப்புக் கண்ணாடிக்கு என்ன வியாதி வந்தது?

"இதனால் பழைய கைத்தொழில் அல்லவா பிழைத்திருக்கிறது?" என்பார்கள். இதுவும் நிஜம். மரச்சட்டம் போடுகிறவர், தகடு தட்டுகிறவர், ஆசனம் தைக்கிறவர் எல்லாரும் கைத்திறமை உள்ளவர்கள். அவர்களுக்கு என் நமஸ்காரம். ஆனால் அவர்களை ஏவுகிறவர் யார்? கம்பளித் துணியைப் பழைய மாதிரியே நெய்வித்துத் தைக்கச் சொன்னாலும் அந்தக் கை வேலை செய்யும். அதற்கும் கூலி உண்டு. பால்நிறத் தோல் போட்டால்தான் தொழில் பிழைக்கும் என்பது நியாயமில்லை.

"அவருடைய பணம், அவருடைய வண்டி, உனக்கென்ன?" என்பது மூன்றாவது பதில். வண்டியை வைத்துக்கொண்டு அனுபவிக்கிறவரை நான் கேட்கவில்லை. அவர் அதில் கோழி வளர்க்கட்டும். விற்க வரும்போதுதான் கேட்கிறேன். எதன் பேரைச் சொல்லி விலை கேட்கிறாரோ, அது வண்டியில் இருக்க வேண்டாமா?

இந்த வழக்கு இங்கிலாந்துக்குப் புதிதும் அல்ல. விக்டோரியா மகாராணி காலத்தில் பழைய சர்ச்சுகளைப் புதுப்பிக்கிறோம் என்று, நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்த சுண்ணாம்பையும் சேர்க்கைகளையும் சுரண்டி எறிந்து, எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு தூய பழமையை உண்டுபண்ணிக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து 1877இல் வில்லியம் மாரிஸ் ஒரு சங்கம் ஆரம்பித்தார். (மோட்டார் செய்த மாரிஸ் வேறு, இவர் கவி, சித்திர வேலைக்காரர்.) பழைய கட்டடங்களைக் காக்கிற அந்தச் சங்கத்துக்குச் செல்லப் பேரே 'சுரண்டாதே' என்கிற அர்த்தத்தில் அமைந்தது. ஒழுகுகிற இடத்தை அடை, சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடு. ஆனால் காலம் செய்ததை அழிக்காதே என்பதுதான் அவர்களுடைய கட்சி. சுவருக்குச் சொன்னது வண்டிக்குப் பொருந்தாதா?

கோர்ட்டும் ஒரு தடவை இதை விசாரித்திருக்கிறது. 1929இலும் 1930இலும் லெ மான் பந்தயத்தில் ஜயித்த பென்ட்லி வண்டி ஒன்று, 'பழைய முதல் நம்பர்' என்று கியாதி பெற்றது. அதை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்ட கம்பெனி, பிறகு, இதில் பழைய சாமானே இல்லை, இது அந்த வண்டி அல்ல என்று பின்வாங்கியது. வழக்கு 1990இல் லண்டன் ஐகோர்ட்டில் தீர்ந்தது. 1929ஆம் வருஷத்துச் சாமான் அந்த வண்டியில் சொற்பந்தான் என்பதில் சந்தேகமில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் மாற்றினார்கள். 1932இல் விபத்தில் சிக்கியது. வேறு உடம்பு போட்டார்கள். ஆனாலும் நீதிபதி ஆட்டன், அந்த வண்டியின் வாழ்க்கை நடுவில் அறுபடவில்லை, ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்ந்து வந்திருக்கிறது, ஆகவே அந்தப் பேருக்கு அது உரியதே என்று தீர்ப்புச் சொன்னார்.

இந்தத் தீர்ப்பைப் புதுப்பிக்கிறவர்கள் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவதுண்டு. எத்தனை மாற்றினாலும் வண்டி வண்டிதான் என்று ஆகிவிட்டதே என்பார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த வண்டியைக் காப்பாற்றியது எது? அதன் வரலாறு. ஓடியது, உடைந்தது, ஒட்டியது எல்லாம் சேர்ந்த ஒரு தொடர்ச்சி. அதுதான் ஒரு கோடி பவுன். நமது லிமோஸின் விளம்பரக்காரர்கள் செய்கிறது என்ன? சாமானில் பாதி பழசாக இருக்கலாம். வரலாற்றை முழுவதுமாகத் துடைத்துவிடுகிறார்கள். எது சொத்தோ அதை எறிந்துவிட்டு, எது தட்டுமுட்டோ அதை மெருகிட்டு வைக்கிறார்கள்.

இங்கிலாந்துச் சர்க்கார்கூட இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனித்திருக்கிறது. நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே மாதம் முதல் வருஷாந்தரப் பரிசோதனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் வண்டி பெரிய அளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. வயதை மட்டும் காட்டினால் போதாது. அதே ஆள்தானா என்றும் காட்ட வேண்டும். பரிசோதனைக்கு இருக்கிற இந்த ஒழுங்கு விற்பனைக்கும் இருந்தால் என்ன?

நான் கேட்கிறது அதிகமில்லை. ஆரம்ப விவரங்களைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் கஷ்டமான காரியமும் அல்ல. ரோல்ஸ் ராய்ஸ் அபிமானிகளின் சங்கம் 1957இல் ஏற்பட்டது. நார்தாம்ப்டன்ஷயரில் இருக்கும் அதன் மாளிகையில், டெர்பியில் செய்த சேஸிஸ்களின் பழைய ஏடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எந்தச் சேஸிஸ் யாருக்குப் போயிற்று, யார் கூண்டு கட்டினார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். சீமானின் பேரைத் தேடி எடுக்கத் தெரிந்தவர்களுக்கு மற்றதையும் தேடத் தெரியும்.

ஆகவே, விளம்பரத்தில் இப்படி எழுதட்டும். இன்ன மரம் உளுத்திருந்தது, மாற்றினோம். இன்ன தகடு பழசு, விட்டுவைத்தோம். பின்னறைத் துணி கிழிந்திருந்தது. அதே மாதிரித் துணி போட்டோம். முன்னறைத் தோலில் டிரைவர் ஏறி இறங்கித் தேய்ந்த இடம் இருக்கிறது, தைத்தோம், மாற்றவில்லை. இந்த வண்டி இத்தனை வருஷம் வாடகைக்கு ஓடியது. இந்த வண்டி பிணம் சுமந்தது. ஓட்டியவர் பேர் கிடைத்தால் அதையும், வாங்கியவர் பேருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடட்டும். இப்படி எழுதினால் வாங்க ஆள் வராது என்று பயப்பட வேண்டாம். பொய்க்கு வருகிறவர்கள் வேண்டுமானால் குறையலாம்.

தடுப்பை அகற்றிவிட்டிருந்தால், அதைச் சௌகரியம் என்று எழுத வேண்டாம். குறை என்று எழுதட்டும். விலையையும் அந்தமட்டுக்குக் குறைத்துக் கேட்கட்டும்.